உண்ணி மொய்த்த நாய் சாப்பிடாமல் படுத்தால்: முதலில் பல் முரசைப் பாருங்கள்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். களுவாஞ்சிகுடியில் வீடு. மூன்று வயதுக் கடுவன், ஊர் நாய்தான், பதினைந்து கிலோ அளவில் இருப்பான். மூன்று நாளாகச் சோறு தொடவில்லை, படுத்தே கிடக்கிறான், உடம்பு சுடுகிறது. காதுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் உண்ணி. விசர்நாய் ஊசி போன வருடம் போட்டது, அட்டை இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா கழிவு ஒயில் பூசச் சொல்கிறார், நீங்கள் காய்ச்சலுக்கென்று அரைப் பனடோல் கொடுத்துவிட்டீர்கள். வீட்டில் வைத்தே சுகப்படுத்தலாமா, டொக்டரிடம் போகத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

போகத்தான் வேண்டும். நாளைக் காலையே போங்கள். உண்ணி பிடித்த நாய் சாப்பாட்டை விட்டுக் காய்ச்சலோடு படுத்தால், நம்முடைய பக்கத்தில் முதலில் நினைக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சலைத்தான். அதற்கு வீட்டு மருந்து கிடையாது. நான் கால்நடை வைத்தியர் அல்ல. கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தராக மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மாடும் ஆடும்தான் எங்கள் முதல் வேலை. ஆனாலும் அலுவலக வாசலுக்குச் சாக்கில் சுற்றித் தூக்கிவரும் நாய்களை நிறையவே பார்த்திருக்கிறேன். காப்பாற்ற முடியாமல் போனவற்றில் பெரும்பகுதி பிந்தி வந்தவை. “நேற்றுத்தான் சுகமில்லாமல் போனது” என்று சொல்வார்கள். உதட்டை உயர்த்திப் பார்த்தால், ஒரு கிழமைக்கு முன்னரே தொடங்கிய நோய் என்று தெரியும். அதனால் மருந்துப் பெயர்களை விட, நாயைப் பார்க்கும் முறையைத்தான் உங்களுக்கு முதலில் சொல்லித்தர விரும்புகிறேன்.

அவனுடைய மேலுதட்டை மெல்ல உயர்த்தி முரசை, அதாவது பல் ஈறைப் பாருங்கள் என்று சொல்லப் போகிறேன். அதற்கு முன்னர் ஒன்றை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். கீழ்த்தாடை தொங்குகிறதா? எச்சில் கயிறு கயிறாக வடிகிறதா? குரைப்பு மாறி அடைத்த குரலாக இருக்கிறதா? தண்ணீரை விழுங்க முடியாமல் திணறுகிறானா? நடை தள்ளாடுகிறதா? இதில் ஏதாவது இருந்தால் வாய்ப்பக்கம் கையே வைக்க வேண்டாம். விசர் பிடித்த நாய் எல்லாம் பாய்ந்து கடிப்பதில்லை; சில நாய்கள் மூலையில் ஒடுங்கிக் கிடந்தே சாகும். தொண்டையில் மீன் முள் சிக்கிவிட்டது என்று எண்ணி விரலை விட்டுப் பார்த்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் ஆசுபத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டியதாயிற்று. உங்கள் நாய்க்கு ஊசி போட்ட அட்டை இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் என் மனம் கொஞ்சம் ஆறுகிறது.

சரி, இனி முரசு. சுகமான நாயின் முரசு நல்ல இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் ஒரு தரம் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு செக்கனுக்குள் பழைய நிறத்துக்கு வரவேண்டும். உண்ணிக் காய்ச்சலில் அது வெளிறி, கடதாசி மாதிரி ஆகிவிடும். மஞ்சள் தட்டினால் ஈரலும் தாக்கப்பட்டிருக்கலாம், அல்லது இரத்தம் வேகமாகச் சிதைந்துகொண்டிருக்கலாம். ஊதாவோ நீலமோ என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. ஊர் நாய்கள் சிலவற்றுக்கு முரசே கறுப்பாக இருக்கும். அப்படியானால் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். அடுத்தது சலம், அதாவது சிறுநீர். கடும் தேயிலைச் சாயம் போல, கோப்பி போலப் போனால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று அர்த்தம். மூக்கிலிருந்து இரத்தம் வருகிறதா, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகளோ கண்டிய தழும்போ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உடம்பு சுடுகிறது என்றீர்கள். அதைக் கையால் சொல்ல முடியாது. நாயின் சாதாரண வெப்பமே 101 முதல் 102.5 பாகை பரனைட் வரை, அதாவது சுமார் 38.3 முதல் 39.2 செல்சியஸ். நம்முடைய கைக்கு அது எப்போதும் காய்ச்சல் மாதிரித்தான் தெரியும். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பதும் சரியான கணக்கு இல்லை. நன்றாக நித்திரை கொண்டு எழும்பிய நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும். பார்மசியில் விற்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை நாய்க்கென்றே வாங்கி வையுங்கள். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, பின்வாசலில் ஒரு அங்குலம் அளவுக்கு வைத்தால் போதும். 103-க்கு மேல் என்றால் காய்ச்சல். 105 என்றால் அவசரம்.

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும், உண்மையில் அது ஒன்றுக்கு மேற்பட்ட நோய். பபேசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கிறது. எர்லிக்கியா என்ற பக்டீரியா வெள்ளையணுக்களுக்குள் இருந்துகொண்டு, இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டுகளைக் குறைக்கிறது. இரண்டையும் பெரும்பாலும் கடத்துவது நம் வீட்டுச் சுவரில் ஏறும் அதே மண்ணிற உண்ணிதான். இரண்டும் ஒன்றாகவும் வரலாம். வெளியில் பார்த்தால் சாப்பாடு வேண்டாம், காய்ச்சல், சோர்வு என்று ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஒன்றுக்குரிய மருந்து மற்றதை அடக்காது. இலங்கையில் பரவலாகக் காணப்படும் பபேசியா வகை சாதாரண மருந்துக்கு இலகுவில் மசிவதுமில்லை. அதனால்தான் டொக்டர் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தட்டில் பூசிப் பார்ப்பார். “போன முறை அண்ணாவின் நாய்க்குக் கொடுத்த குளிசை மிச்சம் இருக்கிறது” என்று அதைக் கொடுக்க வேண்டாம்.

எர்லிக்கியாவுக்குப் பெரும்பாலும் டொக்சிசைக்ளின் எழுதுவார்கள். வழக்கமாக இருபத்தெட்டு நாள். நாலாம் ஐந்தாம் நாளிலேயே நாய் வாலாட்டிக்கொண்டு சோற்றுக்கு வரும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. என் சொந்த நாயையே நான் அப்படித்தான் பறிகொடுத்தேன். பத்தாம் நாள் ஓடித் திரிந்தாள், மருந்து போதும் என்று நினைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து மூக்கால் இரத்தம் வந்தது, அதன் பிறகு என்ன செய்தும் நிறுத்த முடியவில்லை. இந்த வேலையில் இருந்துகொண்டே நான் செய்த பிழை அது. இன்றைக்கும் மனம் வலிக்கிறது. குளிசையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் சத்தி எடுப்பான். விழுங்கியதும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். தொண்டைக் குழாயில் ஒட்டி நின்றால் அந்த இடம் வெந்துவிடும்.

பனடோல் விஷயம். பதினைந்து கிலோ நாய்க்கு ஒரே ஒரு அரைக் குளிசை உயிரை எடுக்கும் அளவல்ல, பயப்படாதீர்கள். ஆனால் இன்னொன்று கொடுக்க வேண்டாம். பனடோலில் உள்ள பரசிற்றமோல் அளவு கூடினால் ஈரலையும் சிவப்பணுக்களையும் கெடுக்கும். இவனுக்கு அவை இரண்டும் ஏற்கனவே தாக்கப்பட்டிருக்கலாம். இபுபுரொபன், டைக்குளோபெனாக் போன்ற மனிதருக்கான நோவுக் குளிசைகள் அதைவிட மோசம். வயிற்றுக்குள் புண்ணாக்கி இரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் பழுதாக்கும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம். ஒரு பனடோலே பூனையைக் கொல்லப் போதும். எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி மாமா சொன்ன கழிவு ஒயில். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நம் ஊரில் தலைமுறையாகச் செய்வதுதான். சொறி நாய்க்கும் பூசுவார்கள், உண்ணிக்கும் பூசுவார்கள். உண்ணி மூச்சடைத்துச் சாகலாம், உண்மைதான். ஆனால் வாகன எஞ்சினில் எரிந்த ஒயிலில் உலோகத் துகளும் நச்சும் இருக்கின்றன. நாய் தன் உடம்பை நக்கும், அது வயிற்றுக்குப் போகும். தோலால் உள்ளே இறங்கும், வெயில் பட்டால் தோல் கொப்பளிக்கும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். எல்லாவற்றிலும் கொடியது வேளாண்மைக்கு அடிக்கும் பூச்சிமருந்து. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வட்டைக்குள் காவல் வாடி வைத்திருக்கும் சிலர், டாங்கியில் மிஞ்சியதை நாயின் முதுகில் ஊற்றிவிடுவார்கள். அரை மணித்தியாலத்துக்குள் வாயால் நுரை தள்ளி, உடம்பு நடுங்கி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிப் போன நாய்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்படி நடந்துவிட்டால் கையுறையோ பொலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு, சவர்க்காரம் போட்டுத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே டொக்டரிடம் ஓடுங்கள். மாட்டுக்கு உண்ணி நீக்க அடிக்கும் மருந்தையும் கண் மதிப்பில் கலந்து நாய்க்கு அடிக்கக் கூடாது.

உள்ளி (வெள்ளைப்பூண்டு) கொடுத்தால் உண்ணி அண்டாது என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். உள்ளியும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. பபேசியா உடைத்துக்கொண்டிருக்கும் இரத்தத்தை நாமும் சேர்ந்து உடைக்கிற மாதிரி ஆகிவிடும். பப்பாசி இலைச் சாறும் இப்போது பிரபலம். அது நோய்க்கிருமியைக் கொல்லாது, அதன் கைப்பில் சத்தி எடுத்து இருக்கிற தண்ணீரையும் இழப்பான். வேப்பிலை அவித்த நீரில் சுகமான நாயைக் குளிப்பாட்டுவது நல்லது, தோலுக்குக் குளிர்ச்சி. ஆனால் கடித்துக்கொண்டிருக்கும் உண்ணி அதற்கு விழாது. காய்ச்சலோடு இருப்பவனை இப்போது குளிப்பாட்டவும் வேண்டாம்.

இன்றைக்குச் செய்யக்கூடியது, உண்ணிகளைக் கையோடு எடுப்பது. புருவம் பிடுங்கும் இடுக்கி போதும். தோலோடு ஒட்ட வாய்ப்பக்கத்தில் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய பேணிக்குள் போட்டு மூடிவிடுங்கள். காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டியின் கீழ், கமக்கட்டு, விரலிடுக்கு, வாலடி, இவைதான் அது விரும்பும் இடங்கள். இது முடிய சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

நாயை மட்டும் சுத்தம் செய்துவிட்டு இருந்தால், ஒரு மாதத்தில் திரும்ப இதே நிலைமைதான். உடம்பில் நீங்கள் காண்பது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வீட்டில் இருக்கிறது. இரத்தம் குடித்து அவரைக்கொட்டை மாதிரிப் பருத்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சு வெளிவந்து நாயில் ஏறிக் குடித்து இறங்கும், தோல் மாற்றித் திரும்ப ஏறும். இப்படி மூன்று தரம். சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கவும் அதற்குத் தெரியும். ஆகவே அவன் படுக்கும் சாக்கை எரித்துவிடுங்கள். கழுவக்கூடிய துணியென்றால் கொதிநீரில் அவியுங்கள். விறாந்தைச் சுவர் வெடிப்புகளில் கொதிநீர் ஊற்றி, பிறகு சீமெந்து பூசி அடையுங்கள். கிடுகு வேலியோரம் குவிந்த சருகு, பழைய கல், பலகை எல்லாவற்றையும் அகற்றுங்கள். இரண்டு மூன்று மாதம் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் முட்டைகள் பிந்திப் பொரிக்கும். அவன் சுகமான பிறகு, எடைக்கு ஏற்ற உண்ணிக் குளிசையோ பிடரியில் விடும் சொட்டு மருந்தோ டொக்டரிடம் கேட்டு ஒழுங்காகக் கொடுங்கள். சில குளிசை ஒரு மாதம், சிலது மூன்று மாதம் வேலை செய்யும். வலிப்பு வந்த நாய் என்றால் கொடுக்க முன்னரே சொல்லுங்கள். விலை கூடியதுதான், ஆனால் ஒரு தரம் உண்ணிக் காய்ச்சலுக்குச் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் குறைவு. சொட்டு மருந்து விட்டால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள். நாய்க்குரிய சொட்டு மருந்தைப் பூனைக்கு விடவே கூடாது.

இன்றிரவு சாப்பாட்டை வாயில் திணிக்க வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் கெடும். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) இருந்தால் பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். குழையக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியில் கோழி இறைச்சியோ முள் எடுத்த மீனோ அவித்துப் பிசைந்து, இளஞ்சூடாக ஒரு கைப்பிடி கொடுத்துப் பாருங்கள். உப்பு, தூள், வெங்காயம் எதுவும் வேண்டாம். நாம் மிச்சம் வைக்கும் மீன் ஆணத்தை ஊற்றிக் கொடுப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம், அதில் உள்ளியும் வெங்காயமும் இருக்கிறது. வாவிக்கரையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: வலையில் வந்த பேத்தை மீனை நாய்க்கும் பூனைக்கும் எறியாதீர்கள். அதன் நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் போகாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் உண்ணியோடு சேர்த்து வெக்கையும் நாய்களைப் படுத்துகிறது. தகரக் கூரை போட்ட கூட்டுக்குள் மத்தியானம் கட்டி வைத்தால் அது அடுப்புத்தான். நாய்க்கு நம்மைப் போல் வேர்க்காது, இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். கட்டுவதாய் இருந்தால் மா மர நிழலில் கட்டுங்கள், சங்கிலி நீளமாக இருக்கட்டும், தண்ணீர்ச் சட்டியை நிழல் நகரும் பக்கமாக மாற்றுங்கள். மூச்சிரைத்து, முரசு செங்கல் நிறமாகி, தள்ளாடி விழுந்தால் வெக்கை தலைக்கேறிவிட்டது. கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்காற்று படவிட்டு, நனைந்த உடம்போடேயே டொக்டரிடம் கொண்டுபோங்கள். ஈரத் துவாயைப் போர்த்தி விட்டுவிட்டால் அதுவே சூட்டைப் பிடித்து வைக்கும்.

மாரியில் வேறு பிரச்சினை. வெள்ளத்தில் எலிச் சலம் கலந்து எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிலிருந்து நமக்கும் வரும். வருடாந்தக் கலப்பு ஊசியில் அதற்குரியது இருக்கிறதா என்று கேளுங்கள். சிறு காயத்திலும் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். அதற்குப் பெற்றோலும் பினைலும் ஊற்றினால் புழுவோடு தசையும் வேகும். சுற்றி மயிரை வெட்டி, உப்புத் தண்ணீரால் கழுவி, தெரியும் புழுவை இடுக்கியால் எடுத்துவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள். குட்டி வளர்ப்பவர்கள் ஆறு எட்டுக் கிழமையில் பார்வோ என்ற வைரசு நோய்க்கான ஊசியைத் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒரு தரம், பதினாறு கிழமை வயது வரை போட வேண்டும். குட்டி இரத்தமாக வயிற்றோட்டம் போனால் ஒரு நாள் கூடத் தாமதிக்க முடியாது. வயிற்றுப் பூச்சிக்குரிய மருந்து பெரிய நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருக்கால்.

வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், புண்ணில் நக்கினாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் அப்பக் கூடாது. கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்துப் பதினான்கு நாள் கவனியுங்கள், அந்த நாட்களில் அது எப்படி இருக்கிறது என்பது டொக்டருக்கு முக்கியம். உங்கள் நாயின் வருட ஊசி நாளையும் இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். காய்ச்சல் முற்றாகத் தீர்ந்த பிறகு போடலாம்.

நாளைக் காலை எட்டு மணிக்கே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து டொக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பிந்தினால் மாட்டுப் பட்டிகளைப் பார்க்கப் புறப்பட்டுவிடுவார், திரும்ப மத்தியானமாகும். இல்லையென்றால் மட்டக்களப்பு டவுன் பக்கமோ கல்முனைப் பக்கமோ தனியாரிடம் போங்கள். காத்திருந்து ஒரு நாளை இழக்க வேண்டாம். முரசு வெள்ளையாக வெளுத்து, எழும்பி நிற்கவே முடியாமல் போனால் இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். அப்போது பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியுமா என்று டொக்டரிடமே கேளுங்கள். விடியச் சலம் போகும்போது சுத்தமான ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் பிடித்து எடுங்கள், நிறத்தைப் பார்த்தே அவர் பாதி சொல்லிவிடுவார். ஊசி அட்டை, கொடுத்த பனடோலின் நேரமும் அளவும், இன்றிரவும் விடியவும் எடுத்த வெப்ப அளவு, கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்பது, எல்லாவற்றையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். ஓட்டோவில் கொண்டுபோகும்போது மடியில் பழைய சேலை ஒன்றை விரித்து, வெயில் படாத பக்கமாகப் படுக்க வையுங்கள். போய் வந்து முரசும் சலமும் என்ன நிறம் என்று எனக்கு எழுதுங்கள்.